மேட்டூர் வட்டாரப் படிகச் சுண்ணாம்புக்கற்களும் கடல்சார் கார்பனேட் பாறைகளின் ஐசோடோப்பு வயதுக் கணிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கடலில் படிந்த கார்பனேட் பாறைகளின் வயதைக் கணிக்க ஸ்ட்ரான்சியம், கார்பன், காரீயம் ஆகிய தனிமங்களின் ஐசோடோப்புகள் பயன்படுகின்றன. புதைபடிவங்கள் நிறைந்த அரியலூர்ச் சுண்ணாம்புக்கற்களில் இம்முறை நேரடியாகப் பயன் தருகிறது. கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சங்ககிரிப் படிகச் சுண்ணாம்புக்கற்களில் அதே முறையை அவ்வாறே கையாள இயலாது. அங்குப் பெறப்படும் ஸ்ட்ரான்சிய விகிதம் பண்டைக் கடல்நீரின் விகிதத்திற்கு ஒரு மேல்வரம்பை மட்டுமே தரும் என்பதையும், அவ்வரம்பைக் கொண்டு எவ்வெக் கருதுகோள்களை விலக்கலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: ஐசோடோப்பு, ஸ்ட்ரான்சியம், கார்பனேட், சங்ககிரி, பக்கநாடு, அரியலூர், உருமாற்றம், காரீயச் சமவயதுக் கோடு.

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளியின் அடித்தளம் நைஸ், சார்னோக்கைட் முதலிய மிகப் பழைய கடினப் பாறைகளால் ஆனது. அவற்றினூடே, மேட்டூருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள சங்ககிரியைச் சுற்றிலும் படிகச் சுண்ணாம்புக்கல் பட்டைகள் காணப்படுகின்றன. சிமெண்ட் ஆலைகளுக்கும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் மூலப்பொருளாக இக்கற்கள் நெடுங்காலமாக வெட்டப்பட்டு வருகின்றன. இன்றைய கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. உள்ளே அமைந்த இவ்விடத்தில், கடலடியில் படிந்த சுண்ணாம்பு இருப்பது நிலவியலாருக்கு வியப்பளிப்பதில்லை. கண்டங்களும் கடல்களும் இடம் மாறிய வரலாறு அவர்கள் அறிந்ததே. அந்தக் கடல் எந்தக் காலத்தது என்னும் வினாவே இன்னும் வாதத்திற்கு உரியதாக நிற்கிறது.

வினா சிறிதன்று. பாலக்காடு முதல் காவிரி வரை நீளும் பெயர்ச்சி மண்டலத்தினுள் சங்ககிரி அமைந்துள்ளது. இம்மண்டலமே ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மூடிப்போன மொசாம்பிக் பெருங்கடலின் தையல் கோடு என்று காலின்ஸும் உடனாய்வாளர்களும் 2007ஆம் ஆண்டு வாதிட்டனர். அதற்கு முன்பே 2004இல் கோஷ், டி விட், சார்ட்மன் ஆகியோர் கண்டத் துண்டுகளின் முதன்மை எல்லையைத் தெற்கே, கரூர், கம்பம் வழியாகத் திருச்சூர் நோக்கிச் செல்லும் ஒரு கோட்டில் வைத்தனர். சேலம் நிலத்துண்டு 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருமாற்றத்துக்கு உள்ளாகி நிலைபெற்றுவிட்டது என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே சங்ககிரிச் சுண்ணாம்பு படிந்த கடல், 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆர்க்கேயன் காலக் கடலா, 80 கோடி ஆண்டுகளை ஒட்டிய புது முற்றுயிரூழிக் கடலா என்பது தென்னிந்திய நிலப்பகுதி எவ்வாறு ஒன்றிணைந்தது என்னும் பெருவழக்கில் ஒரு சாட்சியாகிறது. அச்சாட்சி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். புதிய அளவீடுகள் எவையும் ஈண்டு முன்வைக்கப்படவில்லை.

நால்வகை வெண்கற்கள்

வயதைக் கேட்பதற்கு முன், கையிலுள்ள கல் கடலில் பிறந்ததுதானா என்று கேட்க வேண்டும். இவ்வட்டாரத்தில் இக்கேள்வி வெறும் சடங்கன்று. இங்கு வெண்ணிறக் கார்பனேட்டுகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் கிடைக்கும் சுக்கான்கல். இது மண்ணினுள் ஊறிய நீர் ஆவியாகும்போது படிவது. நிலவியல் கணக்கில் மிக இளையது. இரண்டாவது, சேலம் நகரை ஒட்டிய குன்றுகளில் வெட்டப்படும் மேக்னசைட். மக்னீசியம் மிகுந்த டியூனைட் பாறை சிதைந்து, அதன் வெடிப்புகளில் நிரம்பியது இது. ஆங்கிலேயர் இக்குன்றுகளுக்குச் சுண்ணாம்புக் குன்றுகள் எனப் பொருள்படும் பெயரை இட்டுவிட்டனர். ஆயினும் அங்கே சுண்ணாம்பும் இல்லை, கடலும் இல்லை. மூன்றாவது, கார்பனடைட். எடப்பாடி வட்டத்துப் பக்கநாட்டிலும், காவிரியில் மேல்நோக்கிச் சென்றால் ஒகேனக்கலிலும், வடக்கே திருப்பத்தூரை அடுத்த செவத்தூரிலும் இது உள்ளது. பூமியின் கவசப் பகுதியில் உருகிய கார்பனேட் குழம்பு மேலேறி உறைந்த தீப்பாறை இது. நான்காவதுதான் சங்ககிரிப் படிகச் சுண்ணாம்புக்கல்.

கடைசி இரண்டையும் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடினம். இரண்டிலும் கால்சைட் பருமணிகளாகப் படிந்திருக்கும். இரண்டிலும் ஃபுளோகோபைட் மைக்கா மினுக்கும். இவ்விடத்தில் கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகள் உதவுகின்றன. கார்பன்-13இன் அளவு கடல்சார் திட்டக் கல்லிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று குறிப்பது மரபு. கடலில் படிந்த கார்பனேட்டுகளில் இவ்விலகல் பெரும்பாலும் சுழியை ஒட்டியிருக்கும். கவசத்திலிருந்து வந்த கார்பனடைட்டில் அது ஆயிரத்தில் -4 முதல் -8 வரை அமையும். கார்பனடைட்டில் ஸ்ட்ரான்சியமும் மிக அதிகம். பத்து இலட்சத்தில் பல ஆயிரம் பங்கு இருப்பது இயல்பு. உருமாறிய சுண்ணாம்புக்கல்லில் அது பெரும்பாலும் சில நூறு பங்கு மட்டுமே.

ஒரு தடை உண்டு. சுண்ணாம்புக்கல் சிலிக்காவுடன் சேர்ந்து வெந்து டையாப்சைடு போன்ற கனிமங்களாக மாறும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. வெளியேறும் வாயு கார்பன்-13ஐச் சற்று மிகுதியாக எடுத்துச் செல்வதால், எஞ்சிய கல்லின் மதிப்பு எதிர்த்திசையில் நகர்ந்து கார்பனடைட்டின் எல்லைக்குள்ளேயே புகுந்துவிடலாம். கிராஃபைட்டுடன் ஏற்படும் பரிமாற்றமும் அதே திசையில் இழுக்கும். ஆகவே கார்பன் மதிப்பு ஒன்றை மட்டும் வைத்துக் கல்லின் பிறப்பைத் தீர்ப்பது முறையாகாது. ஸ்ட்ரான்சியத்தின் அளவு, அருமண் தனிமங்களின் பாங்கு, பட்டையின் நில அமைப்பு ஆகியவற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும். குவார்ட்சைட்டுடன் மாறிமாறி அடுக்காக வரும் பட்டைக்கும், சயனைட்டையும் பைராக்சினைட்டையும் ஊடுருவி நிற்கும் கார்பனடைட்டுக்கும் களத்தில் தெரியும் வேறுபாடு எந்தக் கருவியின் அளவீட்டுக்கும் குறைந்ததன்று.

கடல்நீரின் ஸ்ட்ரான்சிய விகிதம்

ஸ்ட்ரான்சியத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் நான்கு. அவற்றுள் ஸ்ட்ரான்சியம்-87 மட்டும் காலப்போக்கில் பெருகுகிறது. ருபீடியம்-87 சிதைந்து அதுவாக மாறுவதே காரணம். ருபீடியம்-87இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 4,960 கோடி ஆண்டுகள். ஸ்ட்ரான்சியம்-86இன் அளவு மாறுவதில்லை. எனவே 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் ஒரு பாறையின் பழமையையும் அதிலுள்ள ருபீடியத்தின் அளவையும் ஒருங்கே காட்டுகிறது.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நிற்கும் காவிரி நீரை எண்ணிப் பார்க்கலாம். கர்நாடகத்தின் பழைய நைஸ் பாறைகளைக் கரைத்துக்கொண்டு வரும் அந்நீரில் ஸ்ட்ரான்சிய விகிதம் இன்றைய கடல்நீரைவிட உயர்ந்தது. உலக ஆறுகளின் சராசரி 0.711 முதல் 0.712 வரை. கடலடி மலைத்தொடர்களில் வெந்நீராக வெளிவரும் ஸ்ட்ரான்சியத்தின் விகிதமோ 0.7035ஐ ஒட்டியது. ஆறுகள் உயர்த்த, கடலடி வெந்நீர் தாழ்த்த, இரண்டுக்கும் இடையே கடல்நீர் இன்று 0.7092 என்னும் அளவில் நிற்கிறது.

இம்முறையின் அடிப்படை ஒரு கால வேறுபாட்டில் அமைந்துள்ளது. ஓர் ஸ்ட்ரான்சிய அணு கடலில் சராசரியாக 20 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் தங்குகிறது. உலகக் கடல் முழுவதும் ஒருமுறை கலந்துவிட ஆயிரம் முதல் இரண்டாயிரம் ஆண்டுகளே போதும். ஆதலால் எந்தக் காலத்திலும் எல்லாத் திறந்த கடல்களிலும் விகிதம் ஒன்றே. பூம்புகாருக்கு எதிரேயுள்ள கடலில் அளந்தாலும் பெரு நாட்டுக் கடலில் அளந்தாலும் விடை மாறாது. சுண்ணாம்பு படியும்போது கால்சியத்தின் இடத்தில் ஸ்ட்ரான்சியமும் சிறிதளவு சேர்கிறது; அன்றைய கடலின் விகிதம் அப்படியே கல்லில் பதிவாகிறது. கால்சைட்டில் ருபீடியம் அரிதாகவே நுழைவதால் பின்னர் அப்பதிவு பெரிதும் மாறுவதில்லை.

இவ்விகிதத்தைக் காலங்காட்டியாகக் கொள்ளலாம் என்று விக்மன் 1948இல் முன்மொழிந்தபோது, அது காலந்தோறும் சீராக உயர்ந்து வந்திருக்கும் என்று கருதினார். உண்மை அவ்வாறில்லை. பர்க்கும் குழுவினரும் 1982இல் நூற்றுக்கணக்கான மாதிரிகளைக் கொண்டு வரைந்த வளைகோடு ஏறியும் இறங்கியும் சென்றது. கேம்பிரியன் இறுதியில் 0.709ஐத் தாண்டிய மதிப்பு, ஜுராசிக் காலத்தில் 0.7068 வரை தாழ்ந்து, பின்பு மீண்டும் உயர்ந்தது. ஆகவே ஒரே விகிதம் பல காலங்களுக்குப் பொருந்தும். 0.7078 என்பது கிரெட்டேசியஸ் இறுதிக்கும் உரியது. அதற்கு மூன்று கோடி ஆண்டுகள் பிந்திய இயோசின் இறுதிக்கும் உரியது. வளைகோட்டின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பதை வேறொரு சான்று சொல்ல வேண்டும். இந்த நிபந்தனையே அரியலூரையும் சங்ககிரியையும் பிரிக்கிறது.

அரியலூரில் முறை பொருந்தும் விதம்

மேட்டூரிலிருந்து காவிரியின் போக்கிலேயே கீழே இறங்கித் திருச்சிராப்பள்ளியைக் கடந்து, கொள்ளிடத்திற்கு வடக்கே சென்றால் அரியலூர், டால்மியாபுரம் பகுதிகளின் கிரெட்டேசியஸ் படிவுகளை அடையலாம். பிளான்ஃபோர்டு 1860களில் இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவற்றின் புதைபடிவங்களை ஸ்டோலிஸ்கா விரிவாக விவரித்தார். இப்படிவுகள் ஆழப் புதையவில்லை, பெருவெப்பம் கண்டதில்லை. அம்மோனைட்டுகள் காலப்பகுதியை முன்னரே குறித்துவிடுகின்றன. எனவே வளைகோட்டின் எந்தப் பகுதி என்னும் ஐயம் எழுவதில்லை.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் அடர்ந்துள்ளன. சிப்பியின் ஓடு மக்னீசியம் குறைந்த கால்சைட்டால் ஆனது; எளிதில் மாறாதது. மாஸ்ட்ரிக்டியன் காலத்துக் கடலின் விகிதம் 0.7077 முதல் 0.7078 வரை. ஏறத்தாழ 9.1 கோடி ஆண்டுகளுக்கு முன் 0.7073 ஆக இருந்த மதிப்பு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் 0.7078ஐ எட்டியது. அதாவது பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சராசரியாக 0.00002 வீதம் உயர்ந்தது. இன்றைய நிறை நிறமாலைமானிகள் 0.00001 அளவு வரை துல்லியம் காட்டுவன. எனவே இப்பகுதியில் வயதைச் சுமார் ஐந்து இலட்சம் ஆண்டுகள் முன்பின்னாகச் சொல்லிவிட முடியும். ஏழு கோடி ஆண்டுகளில் ஐந்து இலட்சம் என்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

ஒரு சிறு எச்சரிக்கையும் தேவை. ஒவ்வோர் ஆய்வகமும் என்.பி.எஸ். 987 என்னும் திட்டப்பொருளைத் தன் கருவியில் அளந்து, அதற்கேற்பத் தன் மதிப்புகளைத் திருத்திக்கொள்கிறது. மெக்கார்தரும் உடனாய்வாளர்களும் உருவாக்கிய வயது அட்டவணை, அத்திட்டப்பொருளின் மதிப்பை 0.710248 எனக் கொண்டது. பழைய கட்டுரைகளில் இம்மதிப்பு நான்காம், ஐந்தாம் தசமங்களில் வேறாக இருக்கும். அதனைக் கவனியாமல் பழைய எண்ணைப் புதிய அட்டவணையில் வைத்து வயதைப் படித்தால், பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேலும் பிழை நேரலாம். முதுகலை ஆய்வேடுகளில் இத்திருத்தம் குறிக்கப்படாமலே போவது வழக்கமாகிவிட்டது. மேற்பார்வையாளர்கள் இதனைக் கட்டாயமாக்கினால் நன்று.

சங்ககிரியில் எழும் இடர்ப்பாடு

சங்ககிரியில் புதைபடிவம் எதுவும் இல்லை. கல் முழுவதும் மீண்டும் படிகமாகியுள்ளது. கிரானைட்டும் பெக்மடைட்டும் பட்டைகளை ஊடுருவியுள்ளன. இவ்வட்டாரத்தின் பாறைகளில் 250 கோடி ஆண்டுகளை ஒட்டிய உருமாற்றத்தின் தடமும் உண்டு. 55 கோடி ஆண்டுகளை ஒட்டிய உருமாற்றத்தின் தடமும் உண்டு. அவ்வெப்ப நிலையில் பாறை இடுக்குகளில் நகர்ந்த நீர்மங்கள் அண்டைப் பாறையிலிருந்து ஸ்ட்ரான்சியத்தைக் கொண்டுவந்து கல்லில் சேர்த்திருக்கக் கூடும்.

இதனோடு கல்லினுள்ளேயே விளையும் மாற்றமும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கொள்வோம். தூய சுண்ணாம்புக்கல் ஒன்றில் பத்து இலட்சத்தில் ருபீடியம் 0.1 பங்கும் ஸ்ட்ரான்சியம் 500 பங்கும் உள்ளன என்க. 250 கோடி ஆண்டுகளில் அதன் விகிதம் 0.00002 மட்டுமே உயரும், பொருட்படுத்த வேண்டியதில்லை. அதே பட்டையின் விளிம்பில், மைக்கா கலந்த பகுதியில் ருபீடியம் 20 பங்கும் ஸ்ட்ரான்சியம் 200 பங்கும் இருப்பின், அதே காலத்தில் உயர்வு 0.010ஐத் தாண்டும். ஆர்க்கேயன் கடலுக்கும் இன்றைய கடலுக்கும் உள்ள மொத்த வேறுபாடே 0.007தான் என்பதை நினைவிற்கொண்டால், ஒரு கைப்பிடி மைக்கா எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிடும் என்பது விளங்கும். ருபீடியத்தை அளந்து கணக்கில் கழித்துக்கொள்ளலாமே எனில், இடையில் நிகழ்ந்த உருமாற்றம் ருபீடியத்தையே இடம் மாற்றியிருந்தால் அக்கழிப்பும் செல்லாது. ருபீடியம் மிகுந்த மாதிரியைத் திருத்துவதைவிட ஒதுக்குவதே மேல்.

பிற நாடுகளில் மாதிரியின் தூய்மையைச் சோதிக்க வழங்கும் அளவுகோல்கள் நமக்கும் பயன்படும். நிலத்தடி நீருடன் ஊடாடிய கல்லில் மாங்கனீசு கூடும், ஸ்ட்ரான்சியம் குறையும். எனவே இவ்விரண்டின் விகிதம் இரண்டு, மூன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் பொதுவாக ஸ்ட்ரான்சிய ஆய்வுக்கு ஏற்கப்படுவதில்லை. ஆக்சிஜன்-18 மிகவும் குறைந்திருப்பதும் ஊடாட்டத்தின் அறிகுறியே. ஆயினும் இவ்வளவுகோல்கள் உருமாறாத படிவுப்பாறைகளுக்கென வகுக்கப்பட்டவை. சங்ககிரி போன்ற இடத்தில் இவற்றில் தேறிய மாதிரி தூயது என்று உறுதி கூற முடியாது. தேறாதது தூயதன்று என்று மட்டும் கூறலாம்.

மிகக் குறைந்த மதிப்பு உணர்த்துவது

மேற்கூறிய மாற்றங்கள் பலவாயினும் அவை ஒரே திசையில் இழுக்கின்றன. பழைய நைஸ், கிரானைட் ஆகியவற்றிலிருந்து வரும் ஸ்ட்ரான்சியம் விகிதத்தை உயர்த்துகிறது; மைக்காவினுள் சிதையும் ருபீடியமும் உயர்த்துகிறது. ஆகையால் ஒரு பட்டையிலிருந்து எடுத்த இருபது மாதிரிகளுள் பதினெட்டு உயர்ந்தும் இரண்டு தாழ்ந்தும் நின்றால், சராசரி எடுப்பது தவறு. தாழ்ந்த மதிப்பே கடல்நீருக்கு நெருங்கியது. கடல்நீரின் உண்மை மதிப்பு அதற்குச் சமமாகவோ அதனினும் குறைவாகவோ இருந்திருக்கும். இதனையே மேல்வரம்பு என்கிறோம்.

இதிலிருந்து பிறக்கும் தருக்கம் ஒருபக்கமானது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீரின் விகிதம் 0.702 முதல் 0.703 வரை இருந்ததெனக் கொள்ளப்படுகிறது. 85 கோடி முதல் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் அது 0.7055 முதல் 0.7070 வரை. 55 கோடி ஆண்டுகளை ஒட்டி 0.7085. இப்பின்னணியில் ஒரு பட்டையின் மிகக் குறைந்த மதிப்பு 0.7030 என வந்தால், அது புது முற்றுயிரூழிக் கடலில் படிந்திருக்க இயலாது என்று துணியலாம். ஏனெனில் உயர்த்தும் வழிகள் பல உண்டு, தாழ்த்தும் வழி அரிது. மாறாக 0.7060 என வந்தால் எதையும் துணிய இயலாது. புது முற்றுயிரூழிக் கடலின் மாறாத பதிவாகவும் இருக்கலாம்; 0.7025இல் தொடங்கிப் பின்னர் உயர்த்தப்பட்ட ஆர்க்கேயன் பதிவாகவும் இருக்கலாம். மொசாம்பிக் பெருங்கடல் கருதுகோளை ஆதரிப்போர் இரண்டாம் வகை மதிப்பைத் தமக்குச் சான்றாகக் காட்டும் ஆர்வத்துக்கு உள்ளாவர். அது சான்றன்று; முரண்படாமை மட்டுமே. இக்கருதுகோளைப் பொய்ப்பிக்க ஒரு தாழ்ந்த மதிப்பு போதும். மெய்ப்பிக்க எத்தனை உயர்ந்த மதிப்புகளும் போதா. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்தே ஆய்வைத் திட்டமிட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தாழ்த்தும் வழி அரிது என்றதற்கு ஒரு விலக்கு, அதுவும் நம் வட்டாரத்திலேயே உள்ளது. கார்பனடைட்டிலிருந்தும் டியூனைட் போன்ற கவசப் பாறைகளிலிருந்தும் வரும் நீர்மங்கள் தாழ்ந்த விகிதத்தைக் கொண்டவை. செவத்தூர்க் கார்பனடைட்டின் தொடக்க விகிதம் 0.705ஐ ஒட்டியது, ஒகேனக்கல் கார்பனடைட் ஏறத்தாழ 240 கோடி ஆண்டு பழமையானது. இத்தகைய பாறைகளை அடுத்த பட்டையில் தாழ்ந்த மதிப்பு கிடைத்தால் உடனே மகிழ்ந்துவிடலாகாது. அம்மாதிரியின் ஸ்ட்ரான்சிய அளவு அசாதாரணமாக உயர்ந்துள்ளதா, கார்பன் விலகல் -4ஐ நோக்கி நகர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

செவத்தூரின் வயதைப் பற்றிய ஒரு குறிப்பு இவ்விடத்தில் பொருந்தும். அனில் குமாரும் கோபாலனும் 1991இல் ருபீடியம்-ஸ்ட்ரான்சிய முறையில் அதற்கு 77.1 கோடி ஆண்டுகள் கணித்தனர். ஷ்லைஹரும் குழுவினரும் 1997இல் காரீய முறையில் 80.1 கோடி ஆண்டுகள் கண்டனர். அன்று வழங்கிய ருபீடியச் சிதைவு மாறிலி 2015இல் திருத்தப்பட்டது. புதிய மாறிலியில் முதற்கணிப்பு 78.4 கோடியாக உயர்கிறது. பிழை வரம்புகளைச் சேர்த்து நோக்கினால் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன. இரு முறைகள் முரண்படுவதாகத் தோன்றும்போது பாறையைக் குறைகூறுமுன் மாறிலியைப் பார்க்க வேண்டும்.

காரீய முறையும் விந்திய வழக்கும்

ஸ்ட்ரான்சிய விகிதம் வளைகோட்டுடன் ஒப்பிட்டு வயது சொல்லும் முறை. காரீய முறைக்கு வளைகோடு வேண்டா. சுண்ணாம்பு படியும்போது கடல்நீரிலிருந்து சிறிதளவு யுரேனியமும் உடன் சேர்கிறது. யுரேனியம்-238 காரீயம்-206 ஆகவும், யுரேனியம்-235 காரீயம்-207 ஆகவும் சிதைகின்றன. முன்னதன் அரை ஆயுட்காலம் 447 கோடி ஆண்டுகள். பின்னதற்கு 70 கோடி. ஒரே படுகையின் பல மாதிரிகளில் யுரேனியத்தின் அளவு வேறுபட்டிருந்தால், இரு காரீயங்களையும் காரீயம்-204உடன் ஒப்பிட்டு வரைபடத்தில் குறிக்கும் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். அச்சமவயதுக் கோட்டின் சாய்வு வயதைத் தருகிறது. மூர்பாத்தும் குழுவினரும் 1987இல் ஜிம்பாப்வேயின் முஷாண்டிகேச் சுண்ணாம்புக்கல்லுக்கு இவ்வாறு 283.9 கோடி ஆண்டுகள் எனக் கண்டது இத்துறையில் வழிகாட்டியாக அமைந்தது.

இந்தியாவில் இம்முறை ஒரு பெரும் வழக்கில் தீர்ப்பளிக்க உதவியது. விந்தியப் படுகையின் ரோத்தாஸ் சுண்ணாம்புக்கல்லில் கேம்பிரியன் காலத்துக்குரிய சிற்றோட்டு உயிரிகளைக் கண்டதாக ஆஸ்மி 1998இல் அறிவித்தார். அது மெய்யாயின் அப்படுகை 54 கோடி ஆண்டுகளை ஒட்டியதாக வேண்டும். ரே, வைசர், டேவிஸ் ஆகியோர் 2003இல் அதே ரோத்தாஸ் கல்லில் காரீய ஐசோடோப்புகளை அளந்து 160.1 கோடி ஆண்டுகள் எனக் கண்டனர். பிழை வரம்பு 13 கோடி ஆண்டுகள். வரம்பு பெரிதே, ஆயினும் கேட்ட கேள்விக்கு அது போதுமானதாயிற்று. நூறு கோடி ஆண்டு வேறுபாட்டைத் தீர்க்கப் பதின்மூன்று கோடி ஆண்டுப் பிழை தடையன்று. அதே காலத்தில் கீழுள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் சிர்க்கான் மணிகள் 163 கோடியை ஒட்டிய வயதுகளைத் தந்து இம்முடிவை உறுதிசெய்தன. பெங்ட்சனும் உடனாய்வாளர்களும் 2009இல் பாஸ்பேட் படிவுகளில் காரீய வயது 165 கோடி ஆண்டுகள் எனக் கணித்து, புதைபடிவங்கள் உண்மையானவையே, அவை கேம்பிரியனைவிட நூறு கோடி ஆண்டுக்கு மேல் பழமையானவை என்று நிறுவினர். உயிரியலாரும் காலக்கணிப்பாளரும் ஒருவரையொருவர் பொய்யர் என எண்ணிய வழக்கில் இருவர் கண்டதும் மெய்யாக முடிந்தது.

கடப்பைப் படுகையின் வேம்பள்ளி டோலமைட்டில் சகரையாவும் உடனாய்வாளர்களும் 1999இல் கண்ட 175.6 கோடி ஆண்டு என்னும் காரீய வயது வேறொன்றைக் கற்பிக்கிறது. அக்கல்லில் யுரேனியம் செறிந்துள்ளது. சமவயதுக் கோடும் நன்கு அமைந்தது. எனினும் அவ்வயது யுரேனியம் கல்லில் நிலைபெற்ற நேரத்தையே குறிக்கும். படிவு அதற்கு இளையதாக இருக்க முடியாது என்ற அளவிலேயே அதனைப் படிவின் வயதாகக் கொள்ள வேண்டும்.

சங்ககிரிக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால், காரீயச் சமவயதுக் கோடு எந்த நிகழ்வின் வயதைத் தரும் என்னும் கேள்வி எழுகிறது. பட்டை முழுவதிலும் காரீயம் ஒன்றாகக் கலந்து சமனாகியிருந்தால் கோடு 55 கோடியைக் காட்டும். அது உருமாற்றத்தின் வயது. பட்டை தடித்ததாகவும் நீர்மம் புகாததாகவும் இருந்து, மீட்டர் கணக்கான இடைவெளியில் எடுத்த மாதிரிகள் தம் பழைய வேறுபாட்டைக் காத்திருந்தால் படிவின் வயது வெளிப்படலாம். சிறு இடைவெளியில் ஒரு தொகுதியும் பெரு இடைவெளியில் ஒரு தொகுதியும் எடுத்து இரு கோடுகளையும் ஒப்பிடுவது பயனுடையது. இரண்டும் வேறுபட்டால் அவ்வேறுபாடே ஒரு செய்தி.

மாதிரி எடுப்பும் ஆய்வகப் பணியும்

களத்தில் செய்ய வேண்டுவன மேற்கூறிய தருக்கத்திலிருந்தே கிடைக்கின்றன. பட்டையின் நடுப்பகுதி, பெக்மடைட்டிலிருந்து இயன்றவரை விலகிய இடம், மைக்காவும் பச்சை நிற டையாப்சைடும் கண்ணுக்குத் தெரியாத வெண்பகுதி ஆகியவை முதலில் தேர்வாக வேண்டும். வெடிப்புகளில் படிந்த சுக்கான் ஏட்டை அறுத்து நீக்க வேண்டும். அது கடந்த சில ஆயிரம் ஆண்டுகளின் மண்நீரிலிருந்து வந்தது. மண்நீரின் விகிதமோ நைஸ் பாறையின் விகிதம். நுண்துளையிட்டு எடுத்த தூளை முதலில் அம்மோனியம் அசிட்டேட்டில் கழுவி, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரான்சியத்தை நீக்கியபின், நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் பகுதி பகுதியாகக் கரைப்பர். வன்மையான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரே முறையாகக் கரைத்தால் மைக்காவும் தன் ஸ்ட்ரான்சியத்தை விட்டுவிடும். அத்துடன் மாதிரி கெட்டது. பகுதிக் கரைசல்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தால், இடைக்கரைசல்களில் விகிதம் தாழ்ந்து ஓரிடத்தில் நிலைப்பதைக் காணலாம். அந்நிலைத்த மதிப்பே நாம் தேடும் மேல்வரம்பு.

கீழ்வரம்பும் மேல்வரம்புமாக வயதை நெருக்க இன்னும் இரு சான்றுகள் பட்டையின் அருகிலேயே கிடைக்கின்றன. பட்டையை ஊடுருவிய கிரானைட்டின் சிர்க்கான் வயதுக்குச் சுண்ணாம்பு முற்பட்டது. பட்டையுடன் அடுக்காக வரும் குவார்ட்சைட்டில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த சிர்க்கான்களுள் மிக இளையதன் வயதுக்கு அது பிற்பட்டது. ஸ்ட்ரான்சிய வளைகோட்டின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று அரியலூரில் அம்மோனைட்டு சொல்வதைச் சங்ககிரியில் இவ்விரு சிர்க்கான்கள் சொல்ல வேண்டும். இவற்றுடன் சேராத ஸ்ட்ரான்சிய எண் எத்தனை தசமம் துல்லியமானதாயினும் தனித்து நிற்காது.

காலமும் நெருக்குகிறது. சிமெண்ட் தயாரிப்புக்கு மக்னீசியமும் சிலிக்காவும் குறைந்த தூய கல்லே வேண்டும். பண்டைக் கடலின் விகிதத்தை மிக நன்றாகக் காத்திருக்கக் கூடியதும் அதே தூய கல். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆலைகளுக்குச் சென்றது பட்டையின் சிறந்த பகுதி. குழியின் சுவரில் இன்று எஞ்சி நிற்பது பெரும்பாலும் மைக்காவும் டையாப்சைடும் கலந்த விளிம்பு. சுவரிலிருந்து மட்டும் மாதிரி எடுக்கும் ஆய்வாளர் உயர்ந்த மதிப்புகளையே காண்பார். அவற்றைக் கொண்டு இளைய கடல் என முடிவுகட்டவும் கூடும். வெட்டுவதற்கு முன் கல்லின் தரத்தை அறிய இடப்பட்ட ஆய்வுத் துளைகளின் உருளைக் கற்கள் எங்கேனும் பாதுகாக்கப்பட்டிருப்பின், அவை குழிச் சுவரைவிட மதிப்புடையன. ஒவ்வோர் உருளையின் மறுபாதியும் ஆழக் குறிப்புடன் மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலவியல் துறைகளுக்கு வழங்கப்படுமாயின், அரை கிராம் தூளே ஓர் அளவீட்டுக்குப் போதும்.